வன்னி மாணவரும் உயர்கல்விக்கான அரச உதவியும்

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகக் கட்டணச் சுமையை நீக்கிற்று. ஆயினும், விஞ்ஞானகூட வசதி குன்றிய வன்னிப் பாடசாலைகளுக்குப் பல்கலைக்கழக வாயில் தொலைவிலேயே இருந்தது.

எழுபதுகளிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவரைப் பெரிதும் பாதித்தமை வரலாறு. எனினும், 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு, முல்லைத்தீவையும் உள்ளடக்கிய அன்றைய வவுனியா மாவட்டத்தார்க்குப் புதுவழி திறந்தது. கிளிநொச்சியோ 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்தமையால், அதன் குடியேற்றக் கிராமத்துப் பிள்ளைகள் யாழ்நகர்க் கல்லூரி மாணவரோடே போட்டியிட நேர்ந்தது.

அனுமதி பெற்றபின் விடுதிக்கும் உணவுக்கும் பணம் வேண்டும். 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியம், தேவையுடைய மாணவர்க்கு மாதாந்த உதவிப்பணம் வழங்கலாயிற்று.

ஒதுக்கீடு இடந்தரும், உதவிப்பணம் உணவுதரும், அவ்விரண்டையும் பெறும் தகுதியைத் தருவது கிராமத்துப் பாடசாலையே. அதனைப் புறக்கணிப்பின் ஏனைய இரண்டும் பயன்படா.