பட்டமும் தொண்டும்

ஆடித் திங்கள் வந்துவிட்டால் அந்தியூருக்குத் தனிக்களை உண்டாகிவிடும். குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் உயர்சாதிக் குதிரைகள் ஒருபுறம் அணிவகுத்து நிற்கும். செந்நிற மேனியில் வெண்திட்டுகள் படர்ந்த பர்கூர் மலை மாடுகள் மற்றொருபுறம் கட்டப்பட்டிருக்கும். வாங்குவோரும் விற்போரும் வேடிக்கை பார்ப்போருமாக எண்ணற்றோர் அங்கே திரள்வர். அத்தகைய கூட்டத்தின் நடுவே கல்லூரி மாணவியர் சிலர் வட்டமிட்டு நின்று, குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பதன் நன்மையைக் கும்மிப் பாட்டாகப் பாடுவதாக வைத்துக்கொள்வோம். அதைப் பார்க்கும் பெரியவர் ஒருவர், "படிக்க வேண்டிய பிள்ளைகள் ஏன் இங்கே வந்து பாடுகிறார்கள்?" என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்வி எளிதில் ஒதுக்கிவிடத் தக்கதன்று. படிப்பை முடிக்கும் மாணவன் சமுதாயத்தின் முன் எதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்? தேர்வுத் தாள் மட்டும் போதுமா? இந்த வினாவுக்கு நம் நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

திருவள்ளுவர் மருந்தைப் பற்றித் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் இறுதியில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று கூறி முடித்தார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் எண்ணிச் சொல்லிவிடுவர். நோயாளியின் பக்கத்தில் இருந்து உதவுபவனையும் அவர் நான்காம் உறுப்பாகச் சேர்த்தார். மாணவன் மருத்துவன் ஆகான். மருந்தும் அவன் கையில் இல்லை. ஆயினும் அந்த நான்காம் இடம் அவனுக்காகக் காத்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைப் பகுதியைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் வாட்டியது. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊர்ப்புறத்தில் குடிசை போட்டுத் தங்கினர். கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில் இருப்பது அந்தத் துயரத்தின் நினைவே. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி நோயைப் பரப்புகிறது என்பதை அறிவியலார் கண்டறிந்த காலந்தான் அது. ஆனால் நூலில் இருந்த அந்த அறிவைத் தெருவுக்குக் கொண்டுசேர்க்கப் போதிய ஆட்கள் இல்லை. நோயை வெல்ல அறிவு மட்டும் போதாது, அறிவைச் சுமந்து செல்வோரும் வேண்டும் என்பதே அக்காலம் தந்த பாடம்.

வேலூரில் அந்தப் பாடத்தைச் செயலாக்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870-இல் பிறந்த அவர் அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1900-இல் தமிழகம் திரும்பினார். 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி ஒன்றை வேலூரில் தொடங்கினார். அதற்கும் முன்பே அவர் வண்டியேறிச் சிற்றூர்களுக்குச் சென்று, சாலையோரத்து மரநிழலில் நோயாளிகளைப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார். அந்தப் பள்ளி வளர்ந்து பெரிய மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அங்கே சேரும் மாணவர் முதலாண்டிலேயே ஒரு சிற்றூரில் சில நாள் தங்கி, வீடு வீடாகச் சென்று நீரும் உணவும் வருவாயும் எவ்வாறு உள்ளன என்று கேட்டறிவது பாடத்தின் ஒரு பகுதியாகவே அமைந்தது. நோயின் பெயரைக் கற்கும் முன்பே நோய் பிறக்கும் வீட்டைக் காணவேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து.

கொங்கு நாட்டிலும் இந்த எண்ணம் வேர்விட்டது. தி. சு. அவிநாசிலிங்கம் 1930-இல் கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். பின்னர் அது பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைபெற்றது. 1956-இல் இந்திய அரசு ஊரக உயர்கல்விக்கென்று சில நிலையங்களைத் தேர்ந்தெடுத்தபோது, பெரியநாயக்கன்பாளையமும் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமமும் அவற்றுள் இடம்பெற்றன. 1957-இல் கோவையில் பெண்களுக்கான மனையியல் கல்லூரி தோன்றியது. ஊட்டச்சத்து அறிஞர் இராஜம்மாள் தேவதாஸ் அதனை வழிநடத்தினார். கம்பும் கேழ்வரகும் கீரையும் கொண்டு குழந்தைக்கு வலிவூட்டும் உணவைச் சமைத்துக் காட்டுவதும் கல்லூரிப் படிப்பாகலாம் என்பதை அக்கல்லூரி நிலைநாட்டியது. காந்திகிராமமோ 1947-இல் டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் நிறுவியது. அங்கே மாணவர் சிற்றூரில் தங்கிப் பயில்வது கல்வியின் அங்கமாகவே வளர்ந்தது.

நல்லது என்று ஒப்புக்கொள்ளப்பட்டவுடன் எழும் அடுத்த கேள்வி, அதைக் கட்டாயமாக்கலாமா என்பது. மெக்சிகோ நாடு 1936-இல் ஆம் என்று விடையளித்தது. மருத்துவ மாணவர் பட்டம் பெறுமுன் மருத்துவர் இல்லாத ஊர்களுக்குச் சென்று பணிபுரிய வேண்டும் என்று அங்கே விதித்தனர். நம் நாட்டில் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர் விரும்பி முன்வரும் தொண்டையே பரிந்துரைத்தது. 1958-இல் தலைமை அமைச்சர் நேரு, பட்டம் பெறுவதற்குச் சமூகத் தொண்டை ஒரு முன்நிபந்தனையாக வைக்கலாமா என்று மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். அடுத்து 1959-இல் சி. டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, கல்லூரியில் நுழையுமுன் ஒவ்வொரு மாணவரும் ஏறத்தாழ ஓராண்டு நாட்டுத் தொண்டு செய்வது கட்டாயமாக வேண்டும் என்றது. பிறநாடுகளில் இளைஞர் தொண்டு நடக்கும் முறையை ஆராய்ந்த கே. ஜி. சையிதைன், விருப்பத்தின் பேரில் தொடங்குவதே நன்று என்று கருதினார்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. கட்டாயமாக்கினால் உள்ளம் ஒன்றாது. கையொப்பத்திற்காக வருபவர் கூட்டமே பெருகும். விருப்பத்திற்கு விட்டுவிட்டால், யாருக்கு ஊரைக் காட்ட வேண்டுமோ அவரே வரமாட்டார். நாடு இறுதியில் விருப்பத்தின் வழியையே தேர்ந்தது. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் தொடங்கிற்று. ஈராண்டில் 240 மணி நேரப் பணி, ஊரில் தங்கும் சிறப்பு முகாம் என்று அதன் முறை வகுக்கப்பட்டது. அழுக்கையும் நோயையும் எதிர்த்து இளைஞர் எழுவதே 1974-75-ஆம் ஆண்டு முகாம்களின் குறிக்கோளாக அமைந்தது.

ஆனால் முகாம் முடிந்த மறுநாள் ஊர் என்ன ஆகிறது? வெட்டிய கழிநீர்க்குழியை மூடிப் பேணுபவர் யார்? நட்ட கன்றுக்கு நீர் வார்ப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடையில்லாத முகாம், விருந்தாளி வந்துபோன வீட்டைப் போன்றதே. விருந்தாளி மகிழ்வான், வீட்டாருக்குப் பாத்திரம் துலக்கும் வேலை மிஞ்சும். எனவே தொண்டின் அளவுகோல் மாணவன் எத்தனை நாள் இருந்தான் என்பதன்று. அவன் போனபின் ஊரில் எது நிலைத்தது என்பதே.

நிலைத்து நிற்கும் பணிக்கு நரம்புச் சிலந்தி நோயின் கதை நல்ல சான்று. படிக்கிணற்று நீரில் வாழும் கண்ணுக்குப் புலப்படாச் சிற்றுயிரின் வழியே அந்தப் புழு உடலுள் புகும். ஓராண்டு கழித்துக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நோயுற்றவர் அதே கிணற்றில் இறங்கினால் மீண்டும் நீர் கெடும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. நீரைத் துணியில் வடிகட்டுவதும், படிக்கிணற்றை இறைகிணறாக மாற்றுவதும், புண்ணுள்ளவர் நீரில் இறங்காதிருப்பதுமே வழி. இவ்வளவையும் மக்கள் தாமே ஏற்றுக்கொண்டு செய்ததனால் இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல் கண்டறியப்பட்டார். 2000-இல் நாடு அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. சொல்லிப் புரியவைத்த சொல்லே அங்கு மருந்தாயிற்று.

மாணவரின் இறுதியாண்டுப் பணி ஒன்று நாட்டையே விழிக்கச் செய்த நிகழ்ச்சியும் தமிழகத்தில் நடந்ததுதான். 1985-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா தம் பட்ட ஆய்வுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தார். எய்ட்ஸ் நோய் இங்கு உண்டா என்று பார்க்குமாறு அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன் கூறினார். அந்நோய் மேலைநாட்டாருக்கே உரியது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. நிர்மலா முதலில் தயங்கினார்; கணவர் ஊக்கமளித்தார். பாலியல் தொழிலில் சிக்கிப் பிடிபட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த காப்பகத்திற்குச் சென்று இரத்த மாதிரிகளைச் சேர்த்தார். பாதுகாத்து வைக்கத் தக்க வசதியில்லாமையால் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே அவற்றை வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் அவை வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு எலிசா என்னும் முறையால் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் நோய்க்கிருமியின் அடையாளம் தென்பட்டது. மறுசோதனையும் அதனை உறுதிசெய்தது. இந்தியாவில் அந்த நோய்க்கிருமி இருப்பது அவ்வாறுதான் முதன்முதல் வெளிப்பட்டது. ஒரு மாணவியின் ஆய்வேடு நாட்டின் நலக்கொள்கையையே திருப்பிவிட்டது.

இந்தக் கதையைப் பெருமையோடு மட்டும் சொல்லி முடித்தல் முறையாகாது. எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. நிர்மலாவே இதனைப் பிற்காலத்தில் ஒளிக்காமல் கூறினார். அக்கால ஆய்வு முறை அவ்வாறு இருந்தது. அவருடைய துணிவையும் உழைப்பையும் அது குறைத்துவிடாது. ஆனால் நாட்டுக்கு எச்சரிக்கை தந்த இரத்தம் யாருடையதோ, அவர்களுக்கு அந்த எச்சரிக்கையில் என்ன பங்கு கிடைத்தது என்று நாம் கேட்டாக வேண்டும். இன்று ஆய்வுக்கு முன் விளக்கம் கூறி ஒப்புதல் பெறுவது கட்டாய நெறியாகிவிட்டது. உடனிருந்து உதவுபவன் முதலில் அனுமதி கேட்கக் கற்க வேண்டும். மக்கள் நம் ஆய்வேட்டின் பக்கங்களை நிரப்புவதற்காகப் பிறந்தவர்கள் அல்லர்.

நிர்மலாவின் கண்டுபிடிப்புக்குப் பின் 1991-இல் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே எய்ட்ஸைப் பற்றிப் பேசும் இயக்கம் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. பெரியோர் வாய்திறக்கக் கூசிய செய்தியை மாணவர் பேசத் துணிந்தனர். 1995 முதல் போலியோ சொட்டு மருந்து வழங்கும் நாள்களிலும் மாணவத் தொண்டர் துணைநின்றனர். 2014-இல் இந்தியா போலியோ நீங்கிய நாடாகச் சான்று பெற்றது. கடைசியாக, 2022 முதல் மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டிலிருந்தே ஊரகக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் முறை நாடெங்கும் வகுக்கப்பட்டது. நேரு 1958-இல் எழுப்பிய கேள்வி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்து, மருத்துவக் கல்வியில் மட்டுமாவது விடை கண்டிருக்கிறது.

மீண்டும் அந்தியூருக்கு வருவோம். இங்குள்ள மாணவர் குழு ஒன்று தன் இறுதியாண்டுப் பணியாக மக்கள் நலத்தைப் பற்றிக் கலைவடிவில் ஏதேனும் செய்ய விரும்புகிறது என்று கொள்வோம். கும்மியும் ஒயிலாட்டமும் உடுக்கையடிப் பாட்டும் கொங்கு நாட்டில் இன்றும் உயிரோடு உள்ளவை. அவற்றில் நலச்செய்தியை ஏற்றலாம். ஆனால் பாட்டைக் கட்டுமுன் ஊரைக் கேட்க வேண்டும். பர்கூர் மலைக்குச் சென்றால் அங்குள்ள லிங்காயத்து மக்களின் வீட்டு மொழி கன்னடம். சோளகர்க்குத் தனிப் பேச்சு உண்டு. சமவெளியில் கட்டிய தமிழ்க் கும்மி அங்கே இனிய ஓசையாக மட்டுமே நின்றுவிடக்கூடும். மலைப்பாதையில் பிள்ளைப்பேற்றுக்கு வண்டி கிடைக்காத வீட்டின் முன்னே நின்று, மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்று பாடினால் அது அறிவுரையாகுமா, ஏளனமாகுமா? அங்கே முதலில் வேண்டுவது வண்டி. அந்தக் குறையைக் கேட்டு எழுதி, உரியவர் கையில் சேர்த்து, விடை வரும்வரை தொடர்ந்து கேட்பதும் ஒரு மாணவனின் பணிதான். பாட்டுக்கு அது சற்றும் குறைந்ததன்று.

நாட்டுப் பாடலுக்கு ஓர் இயல்பு உண்டு: பாடியவர் போனபின்பும் ஊர் அதைத் தனதாக்கிக்கொண்டு பாடும், வேண்டாத அடியை நீக்கும், புதிய அடியைச் சேர்க்கும். மாணவர் செய்யும் நலப்பணியும் அவ்வாறு ஊரின் உடைமையாக மாறினால் அதுவே வெற்றி. கற்றவன் போதிப்பவனாகவும் ஊரார் கேட்பவராகவும் இருந்த நிலை மாறி, இருவரும் சேர்ந்து ஒன்றைச் செய்யும் நிலை அப்போதுதான் தோன்றும்.

மாணவ நண்பர்களே, சந்தையில் நின்ற அந்தப் பெரியவரின் கேள்வியை மறவாதீர்கள். ஏன் இங்கே வந்து பாடுகிறீர்கள் என்று அவர் கேட்கும்போது, பட்டத்திற்கு மதிப்பெண் வேண்டும் என்பது மட்டும் உங்கள் விடையாக இருக்கலாகாது. உங்கள் வீட்டுக் கிணற்று நீர் எப்படி ஐயா இருக்கிறது என்று அவரையே திருப்பிக் கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். வள்ளுவர் வகுத்த நான்காம் இடத்தில் நீங்கள் அமரும் நேரம் அதுவே.