நள்ளிரவு மூச்சுத்திணறல்: திருப்பூர் மருத்துவமனைப் பதிவேடுகளை வாசிக்கும் முறை குறித்து

திருப்பூரின் மாசு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றோடும் ஒரத்துப்பாளையம் அணையோடும் நின்றுவிடுகின்றன. காற்றைப் பற்றிப் பேசுவோரும் பெருநகர முறையையே இங்கு நீட்டுகின்றனர். கண்காணிப்பு நிலையத்தின் நுண்துகள் அளவையும் மருத்துவமனைக்கு வரும் ஆஸ்துமா நோயாளிகளின் எண்ணிக்கையையும் நாள்வாரியாகப் பொருத்திப் பார்க்கின்றனர். பொருத்தம் மெலிந்திருந்தால், காற்றின் பங்கு சிறிது என்ற முடிவு தானாக வந்துவிடுகிறது. அங்கே பதிவேடே தவறாக வாசிக்கப்படுகிறது என்பது என் கருத்து.

பதிவேட்டில் வழக்கமாகக் காணும் ஒரு வரி: பெயர், வயது, முகவரி, வீசிங், நெபுலைசர், டெரிஃபிலின் ஊசி, வந்த நேரம் நள்ளிரவு. படிப்பவர் பனியையும் கொசுவர்த்திப் புகையையும் நினைப்பார். ஆனால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் கையாளப்படும், பருத்தித் துணிக்குரிய ரியாக்டிவ் சாயங்கள் மூச்சுக்குழாயில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. ஒவ்வாமை ஏற்பட்டுவிட்ட தொழிலாளிக்குச் சாயப்பொடியை எடைபோட்ட சில நிமிடங்களிலேயே இளைப்பு வரலாம். நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்தும் வரலாம். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வீடு திரும்பியவர், பன்னிரண்டு மணிக்கு மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்தால், அந்த இளைப்பு பட்டறையில் தொடங்கியதாக இருக்கலாம். பதிவேட்டில் இருப்பதோ வீட்டு முகவரி. நகரின் காற்றை அளக்கும் கருவிக்குச் சாயம் எடைபோடும் அறையின் காற்று எட்டுவதே இல்லை.

பார்சிலோனாவின் அனுபவம் இங்கு உதவும். 1980களில் அந்நகர மருத்துவமனைகளில் சில நாட்களில் மட்டும் ஆஸ்துமா நோயாளிகள் குவிந்தனர். வழக்கமான காற்று மாசுகளால் அதை விளக்க முடியவில்லை. அவசரப் பிரிவுப் பதிவுகளைத் துறைமுகச் சரக்குப் பதிவுகளோடு ஒப்பிட்டபோதுதான், சோயா மொச்சை இறக்கிய நாட்களும் அவையும் ஒன்றென்று தெரிந்தது. 1989இல் அந்த ஆய்வு வெளியானது. மருத்துவமனைப் பதிவேட்டைத் தொழிலின் நாட்காட்டியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே அதில் நமக்கான பாடம்.

திருப்பூருக்கு அத்தகைய நாட்காட்டிகள் இரண்டு உள்ளன. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பின்னான மாதங்கள் ஒன்று. அதை நீரின் கதையாகவும் வேலையிழப்பின் கதையாகவுமே படித்துவந்திருக்கிறோம். தொழிலாளர்கள் ஊரைவிட்டுப் போன காலமாதலால் அந்த மாதங்களின் எண்ணிக்கையை முழுதாக நம்ப முடியாது என்பதும் உண்மை. மற்றொன்றான தீபாவளி விடுமுறை இன்னும் கூர்மையான சோதனை. அப்போது பட்டாசுப் புகையால் ஊர்க்காற்று கெடுகிறது, பட்டறைக் காற்றோ ஓய்கிறது. ஊரிலேயே தங்கிவிட்ட சாயத் தொழிலாளர்களின் வருகை அந்நாட்களில் குறைந்தால், எந்தக் காற்று அவர்களை மருத்துவமனைக்கு அனுப்புகிறது என்பது ஓரளவு துலங்கும். ஐப்பசி மழையும் சளிக்காய்ச்சலும் குழப்பும் என்பர். அவை சாயத் தொழிலாளியையும் மளிகைக் கடைக்காரரையும் ஒன்றாகவே தாக்குகின்றன. இருவரையும் ஒப்பிட்டால் தீர்ந்தது.

பதிவேட்டில் தொழில் என்றொரு கட்டம் இருந்தால்தான் அந்த ஒப்பீடே முடியும். சிகிச்சையும் அங்கேதான் தடுக்கி நிற்கிறது. நெபுலைசரால் அன்றைய இரவு கழியும். மறுநாள் காலை அதே பொடி. நோய் தொடங்கிய உடனே அந்த வேலையிலிருந்து விலகியவர்களுக்கே குணமாகும் வாய்ப்பு அதிகம். நோய் தொழிலால் வந்ததா என்றறிய, வேலை நாட்களிலும் விடுப்பிலும் ஏறத்தாழ நான்கு வாரம், நாளுக்கு நான்கு முறையாவது, மூச்சு வெளியேறும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிக் குறிக்க வேண்டும். ஷிப்ட் நடுவில் அதை ஊத இடமும் நேரமும் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு.

2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் இஎஸ்ஐ சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் ஆஸ்துமாவை ஏற்றது. அதில் சொல்லப்பட்ட வேலையில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்தவருக்கு அந்நோய் வந்தால், மாறாக நிரூபிக்கப்படாதவரை, 52ஏ பிரிவு அதை வேலையில் நேர்ந்த பாதிப்பாகவே கொண்டது. கேஸ் ஷீட்டில் ‘வீசிங்’ என்பதற்குப் பக்கத்தில் ‘சாயம் எடைபோடுபவர், இரண்டு ஆண்டு’ என்று மருத்துவர் எழுதினால், அத்தகைய பாதுகாப்பைக் கோர அத்தொழிலாளியின் கையில் ஓர் ஆவணம் இருக்கும்.