எக்ஸ்பி சாகாத தெரு

தண்டையார்பேட்டையில் ஒருத்தர் காலமானால், அவரை எடுப்பதற்குள் தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறியிருக்கும். போட்டோ, பெயர், தோற்றம், மறைவு, கீழே மனைவியில் ஆரம்பித்துக் கொள்ளுப்பேரன்வரை நீளும் பட்டியல். யாராவது ஒரு மச்சான் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஓடிவருவார். டிடிபி கடைக்காரர் பழைய போஸ்டர் ஃபைல் ஒன்றைத் திறந்து, பெயர்களை மட்டும் மாற்றி, அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார். டி.எச். ரோட்டை ஒட்டிய சந்துகளில் இப்படிப்பட்ட கடைகளில் மேஜைக்கு அடியில் எட்டிப்பாருங்கள். தூசி படிந்த சிபியு ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7, போட்டோஷாப் 7.

எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவியது 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது ஜோக்காகத்தான் தெரியும். மூணு நாலு வருஷத்துக்கு ஒருமுறை புது லேப்டாப் கொடுப்பாங்க, பழசைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுவோம். அது எங்கே போகுதுன்னுகூடக் கேட்டதில்லை. அதனால்தான் அந்த சிபியுவைப் பார்த்ததும் கஞ்சத்தனம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் அந்த மெஷினைப் பிடித்து நிறுத்தியிருப்பது தமிழ் எழுத்து.

பழைய தமிழ் எழுத்துருக்கள் செய்ததெல்லாம் ஒரு ஏமாற்று வேலை. கணினிக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம்தான் தெரியும். சரி, ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிடலாம் என்று யாரோ யோசித்தார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று வர, ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி என்று அடிக்க வேண்டும். திரையில் 'தமிழ்' என்று தெரியும். ஃபைலுக்குள் இருப்பதென்னவோ அந்த நாலு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போயிற்று. பாமினிக்கு ஒரு வரிசை, அரசு அலுவலகங்களில் ஓடிய வானவில்லுக்கு வேறொரு வரிசை. ஆளாளுக்கு ஒரு குறியேற்றம்.

இப்போது கடைக்காரரின் ஹார்ட் டிஸ்கை நினைத்துப் பாருங்கள். இருபது வருஷத்து மஞ்சள் நீராட்டு விழா, காதுகுத்து, ஆடி மாசம் கூழ் ஊத்துற நோட்டீஸ், சர்ச் திருவிழா, கட்சி போஸ்டர், அத்தனையும் அந்த ஏமாற்று எழுத்தில் இருக்கின்றன. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் என்றால் என்னவென்றே தெரியாது. அடோபி அந்த மென்பொருளை ஏழாம் பதிப்போடு நிறுத்திவிட்டு இன்டிசைனுக்குப் போய்விட்டது. அந்த இன்டிசைன் தமிழை ஒழுங்காகக் கோக்கக் கற்றுக்கொண்டது 2012-ல் சிஎஸ்6 வந்தபோதுதான். அடுத்த வருஷமே அடோபி மாத வாடகை முறைக்கு மாறியது. போஸ்டர் அடிக்கிற கடை மாசாமாசம் அடோபிக்கு வாடகை கட்டுமா? கட்டிட வாடகையே கழுத்தை நெரிக்குது. இதற்கு மேல் பழைய லேசர் பிரிண்டரின் டிரைவர், எழுத்துருவோடு வந்த கீபோர்டு மென்பொருள் என்று ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். ஒரு நூலை உருவினால் மொத்தமும் அவிழ்ந்துவிடும்.

எனவே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. எக்ஸ்பி மெஷினுக்கு நெட் கிடையாது, கேபிளையே பிடுங்கிவிடுவார்கள். பக்கத்தில் விண்டோஸ் 10 போட்ட இன்னொரு மெஷின் இருக்கும். வாட்ஸப்பில் வரும் போட்டோ அங்கே இறங்கி, பென்டிரைவில் ஏறி எக்ஸ்பிக்குப் போகும். முடிந்த வேலை திரும்ப அதே வழியில் வரும். பாதுகாப்புத் துறை வல்லுநர்கள் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. ஊர் முழுக்க ஏடிஎம்களில் ஓடிய எக்ஸ்பியை மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி கெடு வைத்தது அதற்கும் அடுத்த வருஷம், 2018-ல். வங்கிகளே அவ்வளவு மெதுவாக நகர்ந்தன என்றால் டிடிபி கடையை என்ன சொல்ல?

இந்தச் சிக்கலின் வேர் தொண்ணூறுகளில் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்துதான் வந்தது. டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களும் வந்தன. இணையத்தில் புழங்கியவர்கள் டிஸ்கி என்று வேறொன்றை வைத்திருந்தார்கள். விண்டோஸில் யூனிகோட் தமிழ் முதலில் நுழைந்தது விண்டோஸ் 2000-ல், லதா என்ற எழுத்துருவோடு. நம் பிரவுசிங் சென்டர்களில் அப்போது ஓடியதோ விண்டோஸ் 98. யூனிகோட் தமிழ்ப் பக்கம் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள் தெரியும், அல்லது கேள்விக்குறிகள்.

தமிழைக் காட்டுவது அவ்வளவு எளிதில்லை. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. யூனிகோடில் சேமிக்கும்போது 'க' முதலில், உயிர்க்குறி அதற்குப் பிறகு. அதைப் பிரித்து இரண்டு பக்கமும் நிறுத்தும் வேலையை யூனிஸ்கிரைப் என்ற ஒரு சின்ன டிஎல்எல் கோப்பு செய்ய வேண்டும். எக்ஸ்பியில் அந்த வசதி இருந்தது, ஆனால் மூடிவைத்திருந்தார்கள். கண்ட்ரோல் பேனலில் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் அடித்தால், விண்டோஸ் சிடியைப் போடு என்று கேட்கும். எந்தச் சிடியை? கடைக்காரர் கோஸ்ட் போட்டு ஏற்றிய எக்ஸ்பிக்குச் சிடி எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில்தான் சின்ன மென்பொருள்கள் வருகின்றன. பா. விஸ்வநாதன் தனியாளாக எழுதிய அழகி 2000-ல் வெளிவந்தது. அதன் பின் முகுந்தராஜின் எ-கலப்பை வந்தது. கீமேன் என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது அது. 'அம்மா' என்று ஆங்கில ஒலியில் அடித்தாலே தமிழ் வந்து நிற்கும். யாழ் சுரதா செய்த பொங்குதமிழ் மாற்றி, பாமினியையும் டிஸ்கியையும் யூனிகோடாக மாற்றிக் கொடுத்தது. தமிழ் வலைப்பதிவுகளின் முதல் தலைமுறை இந்த மூன்றின் தோளில் ஏறி வந்ததுதான். நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த என்எச்எம் ரைட்டரை நான் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். சின்னஞ்சிறு நிரல் அது. எக்ஸ்பியில் அதை நிறுவினால் அந்த மூடிய வசதியை அதுவே திறந்துவிடும், சிடி கேட்காது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சிடி இல்லாத ஒரு ஊருக்கு எழுதப்பட்ட மென்பொருள் அது. எழுதியவர்களுக்கு இங்கே கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. ரெட்மண்டில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

உலகத்தில் மற்ற இடங்களிலும் இதே கதைதான். படம் பார்க்க நம்ம கடைகளில் போட்டுவைக்கும் இர்ஃபான்வியூவை எழுதியவர் போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஸ்கில்யான். 1996-லிருந்து அவர் பெயரில்தான் அது வருகிறது. செவன்-ஜிப் இகோர் பாவ்லோவ் என்ற ரஷ்யருடையது. விஎல்சி பாரிசில் கல்லூரி மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் புது மெஷினை விற்கும் வேகத்துக்கு எதிர்த்திசையில், இவர்கள் எழுதியவை பழைய மெஷினில் ஓடிக்கொண்டே இருந்தன.

அரசாங்கம் 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடை அதிகாரபூர்வ குறியேற்றமாக ஏற்று ஆணை போட்டது. டிடிபி கடைகளுக்கு அந்த ஆணை இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் சொல்லணும்.

ஆனால் அரசாங்கத்தை வேறொரு விஷயத்தில்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 2006 வாக்கில் உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனம் தன்னுடைய கணினிகளையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீசுக்கும் மாற்றிக் காட்டியது. சென்னை சி-டாக்கில் டெபியனை அடித்தளமாக வைத்து பாஸ் லினக்ஸ் உருவாகி 2007-ல் வெளிவந்தது. ஆக, பழைய மெஷினிலும் ஓடக்கூடிய, லைசென்ஸ் காசு கேட்காத, தமிழ் தெரிந்த ஒரு இயங்குதளம் இதே ஊரில் தயாராக இருந்தது. 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல். அவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன.

ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7-இன் மிக மலிவான பதிப்பு. வால்பேப்பரைக்கூட மாற்ற விடாது. 2 ஜிபி ரேமுக்கு மேல் போட்டால் கண்டுகொள்ளாது. இந்தக் குறைகள் எதுவும் இல்லாத பாஸ் அதே டிஸ்கில் இருந்தும் அதை யாரும் சீந்தவில்லை. லேப்டாப் கைக்கு வந்த வாரத்திலேயே தெருவில் இருக்கிற சர்வீஸ் கடைக்குப் போய், மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் அல்டிமேட் போட்டுக்கொண்டு வந்தவர்கள்தான் அதிகம். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பாஸ் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கல்லூரிக்குப் போனால் லேபில் டர்போ சி. அந்தப் பழைய கம்பைலர் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடாது. பழைய டாஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்ட டாஸ்பாக்சுக்குள் போட்டு ஓட்டித்தான் நம்ம மாநிலத்தில் ஏகப்பட்ட பேர் என்ஜினீயர் ஆனோம். பழைய மென்பொருளை உயிரோடு வைக்கும் கலையில் எங்க பாடத்திட்டத்தை யாரும் அடிச்சுக்க முடியாது.

2013-ல் லேப்டாப்களில் விண்டோஸ் 8 மட்டும் என்று ஆனபோது கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் எதிர்த்துப் பார்த்தார்கள். அடுத்த வருஷமே, எக்ஸ்பிக்குக் கெடு முடிந்ததும், அரசு அலுவலகக் கணினிகளில் பாஸ் லினக்ஸ் போடச் சொல்லி அதே மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது. இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. தாசில்தார் ஆபீசுக்கு ஆகிற இயங்குதளம் பிளஸ் டூ பையனுக்கு ஆகாதாம்.

திட்டம் நிற்பதற்குள் 50 லட்சத்துக்கு மேல் லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. வட சென்னையில் எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கணினி, சில வீடுகளில் இன்றைக்கும் அது ஒன்றுதான். அக்கா வாங்கியது, தம்பி படித்தான், இப்போ அக்கா பிள்ளை யூடியூப் பார்க்குது. ஹார்டுவேர் தாங்குகிறது, மேலே ஓடுகிற பிரவுசர்தான் காலை வாருகிறது. குரோம் 2016-ல் எக்ஸ்பியைக் கைவிட்டது, 2023-ல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. பிரவுசர் பழசானால் உதவித்தொகை விண்ணப்பமோ டிஎன்பிஎஸ்சி பக்கமோ திறக்கத் தகராறு பண்ணும். வேலை தேடுகிறவனுக்கு அந்தப் பக்கம் திறக்கவில்லை என்றால் கணினி செத்தது மாதிரிதான். அப்புறம் பிரவுசிங் சென்டருக்கு ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துக்கொண்டே இருக்கணும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் கெடு முடிந்தது. தனிநபர்களுக்கு இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 போடலாமென்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். முதல் ஐந்தாறு வருஷத்து அரசு லேப்டாப்கள் மொத்தமும் ஒரே நாளில் வெளியே. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது லேப்டாப் தருவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் பழைய 50 லட்சத்தை என்ன செய்வது என்று அதே பட்ஜெட்டில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

செய்ய முடியாத காரியமில்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டாலே பாதி வியாதி போய்விடும். விண்டோஸ் 7-ஐ விட மனமில்லாதவர்களுக்கு ஃபயர்ஃபாக்சின் 115 ஈஎஸ்ஆர் பதிப்பு, குரோம் நிறுத்திய பிறகும் திருத்தங்களைக் கொடுத்துக்கொண்டு வந்தது. பிடிஎஃப் படிக்க சுமத்ரா போதும். மாறத் துணிந்தவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுன்டு, தமிழ்99 அதற்குள்ளேயே இருக்கிறது, எ-கலப்பைகூட வேண்டாம். ஆனால் இந்தக் கதவும் அகலமாகத் திறந்தே இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நேரடியாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. அந்தப் பழைய பெண்டியம் 4-களுக்கு இனி போக்கிடம் குறைவு.

போக்கிடம் என்றால் எங்கள் பக்கம் காயலான் கடைதான். மின்கழிவுக்கென்று 2012 மே முதல் விதிகள் அமலில் இருக்கின்றன, 2023 ஏப்ரலில் புது விதிகளும் வந்தன. தயாரித்த கம்பெனியே பொறுப்பு என்கின்றன விதிகள். தெருவில் நடப்பது வேறு. கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்குவார்கள். கேபிளை எரித்துத் தாமிரம் எடுப்பவர்கள் உண்டு, மிச்சம் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகும். புகை யார் மூக்கில் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் விவரமான கடைக்காரர்கள் லேப்டாப்பை அப்படியே எடைக்குப் போட மாட்டார்கள். முதலில் பின்பக்க மூடியைத் திறப்பார்கள். சார்ஜர் தனி, ஸ்கிரீன் தனி, ரேம் தனி. சர்வீஸ் கடைப் பையன்கள் அங்கே வந்து அரசு லேப்டாப்பின் 2 ஜிபி ரேமை நூறு இருநூறுக்குப் பேரம் பேசி வாங்கிப்போவார்கள். அது இன்னொரு அரசு லேப்டாப்பில் காலியாக இருக்கிற இடத்தில் போய் உட்காரும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் கண்டுகொள்ளாத அந்த ரேமை லினக்ஸ் கண்டுகொள்ளும்.