கரிக்குருவி வலியனான கதை

உடல் முழுதும் மைக் கறுப்பும், நுனியில் இரண்டாகப் பிளந்த நீண்ட வாலுமாக, மேயும் எருமையின் முதுகில் அமர்ந்து, அதன் குளம்படியில் கிளம்பும் வெட்டுக்கிளியை அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு மீண்டும் அதே முதுகில் வந்து உட்காரும் கரிக்குருவியை அறியாத கிராமவாசி தமிழ்நாட்டில் இல்லை. கரிச்சான் என்றும் இரட்டைவால் குருவி என்றும் அழைக்கப்படும் இப்பட்சிக்கு வலியன் என்றொரு பெயரும் உண்டு; அப்பெயர் வந்த கதையை மதுரை ஸ்தலபுராணம் சொல்கிறது.

பூர்வ ஜன்மத்தில் புண்ணியசீலனாக வாழ்ந்தும் ஏதோ ஒரு பாவசேஷத்தால் கரிக்குருவியாகப் பிறந்த ஜீவன் ஒன்று, காக்கை முதலியன ஓயாமல் தலையில் கொத்தி ஹிம்சித்தமையால் ஊரைவிட்டே பறந்துபோய், ஒரு மரக்கிளையில் வாடியிருந்தபோது, நிழலில் தங்கிய சிவனடியார்கள் மதுரையின் மகிமையைப் பேசக் கேட்டு, அங்கு சென்று பொற்றாமரைக் குளத்தில் நீராடி வழிபட, அத்தலத்து இறைவனான சோமசுந்தரர் அதற்கு மிருத்யுஞ்ஜய மந்திரத்தை உபதேசித்து, எளியதாயிருந்ததை வலியனாக்கினார் என்பது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் 64 லீலைகளுள் 47ஆவது. தனக்கு மட்டும் வரம் போதாது, தன் குலம் முழுவதற்கும் வேண்டும் என்று அக்குருவி கேட்டதாகச் சொல்லும் இடம் என் நெஞ்சை என்றும் உருக்குவது.

கூடுகட்டும் காலத்தில் இப்பறவையைக் கவனித்தவர்களுக்குக் கதையின் ஊற்று தெரியும். வேம்பின் உயரத்தில் முட்டையிருக்கும் கிண்ணம்போன்ற கூட்டை நோக்கிக் காகமோ பருந்தோ வந்துவிட்டால், தன்னிலும் பன்மடங்கு பெரிய அவ்வுருவத்தின்மேல் மின்னலெனப் பாய்ந்து, முதுகிலும் பிடரியிலும் மாறிமாறிக் கொத்தி, எல்லை கடக்கும்வரை விடாமல் துரத்தும். இந்தக் காவலை நம்பியே புறாவும் மாங்குயிலும் அதே மரத்தில் கூடுகட்டுவதுண்டு. வடநாட்டார் இதற்குக் 'கொத்வால்' என்று காவலதிகாரியின் பெயரிட்டதும் இதனால்தான். கைப்பிடியளவு உடலுக்கு இத்தனை தைரியம் எங்கிருந்து வந்தது என்று வியந்த கண்களே அந்த உபதேசக் கதையைக் கண்டன என்பது என் துணிபு.

வைஷ்ணவர்களுக்கும் இப்பறவை அந்நியமன்று. திருப்பாவையில் ஆண்டாள் விடியற்காலத்துப் பேச்சொலிக்கு உரியதாக்கிய ஆனைச்சாத்தன் இதுவே என்பர். கிழக்கு வெளுக்குமுன் குரல் கொடுப்பதில் இது பிற பறவைகளை முந்திக்கொள்ளும். உழவனும் இதன் உபகாரத்தை மறந்தவனல்லன்: நெல்வயலில் இது அமர்ந்து புழுப்பூச்சிகளைத் தின்னட்டுமென்று குறுக்குக் குச்சி கட்டிய கழிகளை நட்டுவைக்கிறான்.

மதுரையில் ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவின் முதல் நாள் கரிக்குருவிக்கு உபதேசித்த லீலை நடைபெறுகிறது. நாரைக்கு முக்தி கொடுத்த மற்றொரு லீலை மறுநாள்தான்.