எந்த வரியில் பிழைத்தது?



தரம் 11 பிள்ளை ஒருவர் கேட்டார்: "சேர், புரோகிராம் பிழையென்று விளங்குது. எந்த இடத்தில பிழைக்குதென்று எப்படிக் கண்டுபிடிக்கிற?"

இது கணினியளவு பழைய கேள்வி. 1949 மே 6ஆம் திகதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினி தன் முதல் கணக்கைச் செய்தது. அதை உருவாக்கிய மொரிஸ் வில்க்ஸ் சில வாரங்களிலேயே ஒன்றை உணர்ந்தார்: தன் மீதி ஆயுளில் பெரும்பகுதி தான் எழுதும் செய்நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது.

முதலில் கணினியை நிறுத்தி, பொத்தானை அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு கட்டளையாக ஓடவிட்டு, திரையில் தெரிந்த புள்ளிகளை வாசித்தார்கள். இருந்ததோ ஒரே கணினி. ஒருவர் பிழை தேடும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

அங்கே ஆய்வு மாணவராக இருந்த ஸ்டான்லி கில் 1951இல் வேறு வழியை விளக்கினார். காவலுக்கு இன்னொரு செய்நிரல். அது கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றி, நடந்ததை அச்சிடும். அந்தத் தாளை மேசையில் வைத்து ஆறுதலாகப் பார்க்கலாம்.

இன்றைய வழுநீக்கியும் இதையே செய்கிறது: செய்நிரல் ஓடுகிறதா, நின்றுவிட்டதா, முடிந்ததா? நின்றால் எந்த வரியில்? அந்நேரம் மாறிகளில் என்ன பெறுமானம்?

பிள்ளையின் கணக்கில் விடை பிழைத்தால் நாம் உடனே சிவப்புப் பேனையால் வெட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது முதலாவது பிழையான வரியைத் தேடி, அதன்கீழ் மட்டும் கோடிடுகிறேன். அதற்கு மேலுள்ளதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும்.

வீட்டிலும் செய்து பாருங்கள், பெற்றோரே.