தோளில் போன படகு

இந்த வாரம் நியூயார்க் போறோம். சிட்டிக்கு இல்ல, அதே மாநிலத்தோட வடக்கே இருக்கிற அடிரோண்டாக் மலைக்கு.

19ஆம் நூற்றாண்டில் அங்கே ரோடு ரொம்பக் குறைவு. ஏரிகள்தான் பாதை. ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவுல காடு. அங்கே படகைத் தூக்கிட்டுத்தான் நடக்கணும். அதுக்காகவே உருவானது ‘கைடுபோட்’.

சுமார் 16 அடி நீளம், எடையோ ஏறக்குறைய 30 கிலோதான்! உள்ளே விலா எலும்பு மாதிரி இருக்கிற சட்டங்களை ஸ்ப்ரூஸ் மரத்தின் அடிவேர் இயற்கையாவே வளையும் இடத்தில் அறுத்தெடுத்தாங்க. மரத்தின் ரேகையும் வளைவோடவே ஓடும். அதனால சட்டம் மெல்லிசா இருந்தாலும் உடையாது. அதன்மேல் ஒரு சென்டிமீட்டர்கூட வராத பைன் பலகை, ஆயிரக்கணக்கான குட்டிச் செம்பு ஆணிகள்.

1869இல் வில்லியம் மர்ரே என்ற பாஸ்டன் பாதிரியார் இந்தக் காட்டைப் புகழ்ந்து புத்தகம் எழுத, நகரத்துக் கூட்டம் குவிஞ்சது. மீன் பிடிக்க, மான் சுட. நாய்கள் மானைத் துரத்தி ஏரியில் இறக்கும். கைடு துடுப்பு போட்டு மான் பக்கத்துல கொண்டுபோவார், விருந்தாளி சுடுவார். நீந்துற மானைச் சுடுறதுல என்ன வீரமோ! பிறகு சட்டமே இதைத் தடுத்தது.

கரை வந்ததும் நுகத்தடியைத் தோளில் வெச்சு, படகைக் கவிழ்த்துத் தூக்கிக்கிட்டு கைடு நடப்பார். படகு ஏன் இவ்வளவு லேசு? அந்தத் தோளுக்காகத்தான். பல கைடுகள் குளிர்காலத்தில் தாங்களே படகு கட்டினாங்க. பலகையை எவ்வளவு இழைக்கணும்னு அவங்களுக்கா தெரியாது?

ரயிலும் மோட்டார் படகும் வந்ததும் தேவை குறைஞ்சுபோச்சு. பழைய படகுகள் ப்ளூ மவுண்டன் லேக் மியூசியத்தில் இருக்கு.