பினாங்குப் பாட்டும் தமிழர் பங்கும்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், ஜார்ஜ்டவுன் நகரின் தெற்கே அமைந்த பகுதி ஜெலுத்தோங். ஜெலுத்தோங் என்பது மலாய்க் காடுகளில் நெடிதுயர்ந்து வளரும் ஒரு மரத்தின் பெயர். அம்மரத்தின் பால் ஒரு காலத்தில் மேலை நாடுகளுக்குச் சென்று மெல்லும் பசையாக மாறியது. அதனைச் சுவைத்தோர் மரத்தின் பெயரையும் அறியார். பால் எடுத்த கையையும் அறியார். பாட்டின் வரலாறும் பல வேளைகளில் இவ்வாறே அமைந்துவிடுகிறது.

ஜெலுத்தோங்கிலிருந்து சிறிது தொலைவில், பழைய கவுண்டர் ஹால் சாலையில், 1926ஆம் ஆண்டு கட்டப்பெற்ற மரவீடு ஒன்று உள்ளது. மலாய் இசையின் ஒப்பற்ற கலைஞராகப் போற்றப்பெறும் பி. ரம்லி, 1929ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் அவ்வீட்டில் பிறந்தார். தந்தையார் சுமத்திராவின் ஆச்சே நாட்டினர். தாயார் எதிர்க்கரையாகிய பட்டர்வொர்த்துப் பகுதியினர். தந்தை பெயராகிய 'பூத்தே' என்பதன் முதலெழுத்தே ரம்லியின் பெயர்முன் நிற்கும் 'பி' ஆகும். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் இவ்வழக்கம் தமிழர்க்கு மிக நெருங்கியதன்றோ?

இளமையிலேயே வயலின் பயின்ற ரம்லி, தம் தோழர்களுடன் 'சினாரான் பினாங்' என்னும் இசைக்குழுவில் பாடினார். 1947இல் வட மலாயாவின் சிறந்த பாடகராகத் தேர்வு பெற்றார். மறு ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் அவர் தாமே இயற்றிப் பாடிய 'அசிசா' என்னும் பாடலை, இந்தியாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் படம் இயக்கி வந்த பி.எஸ். ராஜான்ஸ் கேட்டார். அதன் பயனாக 1948 ஆகஸ்டு மாதத்தில் ரம்லி சிங்கப்பூருக்குப் பயணமானார். பாடலை ஆக்குபவரும் பாடுபவரும் ஒருவரேயாக விளங்கும் மரபு, மலாய்த் திரையிசையில் அவரால் நிலைபெற்றது எனலாம்.

அதே 1948ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் நீள் இசைத்தட்டு அறிமுகமாயிற்று. அதுவரை வழங்கிய தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். புதிய தட்டோ ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேலும் இசையைத் தாங்கியது. ஒரு கலைஞர் தம் எண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒரே நூல் போல வழங்கும் இசைத்தொகுப்பு இதனால் பின்னர்த் தோன்றியது. எனினும் ரம்லியின் பாடல்கள் பெரும்பாலும் திரைப்படத்திற்காகப் பிறந்தவை. குறுந்தட்டின் எல்லைக்குள் ஒடுங்கியவை. நூற்றுக்கணக்கான பாடல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன.

இந்த வளர்ச்சியில் தமிழர் ஒருவரின் பங்கு குறிப்பிடத்தக்கது. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், 1950இல் 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தை இயக்கினார். அதற்குமுன் துணைப்பாத்திரங்களில் நடித்தும் பிறருக்குக் குரல் கொடுத்தும் வந்த ரம்லி, அப்படத்தில்தான் முதன்முறையாகக் கதைத்தலைவர் ஆனார். திரையில் தோன்றும் முகமும் ஒலிக்கும் குரலும் ஒருவருடையனவே ஆயின. கிருஷ்ணன் இல்லையேல் ரம்லி இல்லை என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் தக்க நேரத்தில் தகுதியறிந்து வாய்ப்பு வழங்கிய பெருமை அவருக்கு உரியது.

1957இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில், 'அனாக்கு சசாலி' படத்திற்காகச் சிறந்த நடிகர் விருது பெற்ற ரம்லி, 1964இல் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. மின்கித்தார் ஏந்திய இளைஞர் குழுக்கள் எங்கும் எழுந்தன. 'போப் யே யே' அலை நாட்டையே ஆட்கொண்டது. ரம்லியின் இசை பழையது என ஒதுக்கப்பட்டது. 1973 மே 29ஆம் நாள், தம் 44ஆம் வயதில், வறுமையும் ஏமாற்றமும் சூழ்ந்த நிலையில் அவர் மறைந்தார். மறைவுக்குப் பின்னரே தெருவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1990இல் 'தான்ஸ்ரீ' விருதும் வழங்கப்பட்டது. வாழுங்கால் தர மறந்ததை மறைந்தபின் தருவது உலகியல் போலும்!

பினாங்கின் பாட்டு அவரோடு முடிந்துவிடவில்லை. அதே தீவில், 1960களின் இறுதியில், 'அல்லிகேட்ஸ்' என்னும் குழு உருவாயிற்று. அதன் உயிர்நாடியாக விளங்கியோர் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் தமிழ் உடன்பிறப்பினர். 1970களில் ஆங்காங் சென்று இரவு விடுதிகளில் பாடித் தேர்ச்சி பெற்ற அவர்கள், தாயகம் திரும்பி, 1979இல் 'நன்றி' எனப் பொருள்படும் 'தெரிமா காசே' என்னும் மலாய் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். மேலைநாட்டு மென்ராக் இசையின் கித்தாரும், கறுப்பின மக்களின் சோல் இசையும், மலாய்க் காதற்பாட்டின் கனிவும் அவர்தம் பாடல்களில் இணைந்தன. எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்கள் அவர்களுக்குப் பாடல் அமைத்தனர். லோகநாதனின் உருக்கமான குரலை மலாய் மக்கள் தம் குரலாகவே ஏற்றனர். 2007 ஜூன் திங்களில் அவர் மறைந்தபோது, இனவேறுபாடின்றி நாடே வருந்தியது.

இங்கு ஒரு வினா எழுகின்றது. தமிழர் பிறமொழியில் ஆற்றிய இப்பணி தமிழர் வரலாற்றில் இடம்பெறத் தக்கதா? மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் இரப்பர்த் தோட்டம், கோயில், தமிழ்ப்பள்ளி, இதழ்கள் என்னும் நான்கின் வழியே எழுதப்படுகிறது. மொழியை இழந்தவர் பலர் வாழும் நாட்டில், பிறமொழிப் புகழைப் போற்றுவது தமிழ்ப்பற்றைத் தளர்த்தும் என அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று.

ஆயினும், தமிழ்மொழியின் வரலாறு வேறு. தமிழ் மக்களின் வரலாறு வேறு. முன்னதில் கிருஷ்ணனுக்கும் ஆறுமுகம் உடன்பிறப்பினருக்கும் இடமில்லாது போகலாம். பின்னதில் அவர்களை விலக்கினால், வரலாறே குறையுடையதாகிவிடும். அவர்களைப் பிறமொழியார் நினைவுகூர, சொந்த இனத்தார் மறந்தனர் என்னும் பழியும் சேரும். அதே வேளையில், அவர்தம் வெற்றியைக் காட்டித் தமிழ் கற்றலைக் கைவிடுதலும் பொருந்தாது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது; இரண்டும் வேண்டும்.

எனவே தமிழாசிரியர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. மாணவர் அன்றாடம் கேட்கும் மலாய்ப் பாடலைப் பாடியவர் யார், இயற்றியவர் யார், அவர்க்கு வாய்ப்பளித்தவர் யார் என வினவித் தேடச் செய்தல் வேண்டும். தேடிக் கண்டதை அவர்கள் தமிழில் எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதப்பெறும் ஒவ்வொரு பக்கத்தாலும், பிறமொழிப் பாட்டில் மறைந்து நிற்கும் தமிழர் உழைப்பு தமிழ்மொழிக்கே திரும்பி வந்து சேரும்.